சபை ஒரு பக்கம் நின்றபோது என் ஓட்டை நான் எப்படி முடிவு செய்தேன்

தேர்தல் நெருங்கினால் எங்கள் கிறிஸ்தவ சபைக்குள்ளும் இப்படியெல்லாம் நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தால், மனதைக் கொஞ்சம் தயார்ப்படுத்திக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லவில்லை. அந்தச் சில மாதங்களில் எனக்கு நெருக்கமான இரண்டு சிநேகிதிகள் பேச்சை நிறுத்தினார்கள். சபை வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த தையல் வேலை பாதிக்கு மேல் நின்றுபோனது. தூக்கம் போனதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை, அது உங்களுக்குத் தேவையும் இல்லை. எப்படி முடிவுக்கு வந்தேன், வழியில் எதெல்லாம் கைகொடுத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதே நெருக்கடியில் இப்போது தனியாக நிற்கும் ஒருவருக்காவது உதவினால் போதும்.

எல்லாம் எங்கள் பெண்கள் ஜெபக்குழுவில்தான் ஆரம்பித்தது. குழுவை நடத்தும் அக்கா ஒரு குரல் பதிவை அனுப்பினார். உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரருக்கு வெளிப்பாடு கிடைத்ததாம்: இந்த வேட்பாளரைத் தேவனே எழுப்பியிருக்கிறார், அவருக்கு விரோதமாக ஓட்டுப் போடுகிறவர்கள் தேவனுக்கு விரோதமாக நிற்கிறார்கள். மறுநாளுக்குள் அதே பதிவு வேறு நான்கைந்து பேரிடமிருந்தும் எனக்கு வந்துவிட்டது. வாரக் கூட்டத்தில் முடிவு ஜெபம் செய்வது வழக்கமாக நான்தான். அக்கா போன் பண்ணி, "சிஸ்டர், இந்த வாரம் ஜெபிக்கும்போது அவர் பேரைச் சொல்லி, அவருக்கு ஜெயம் கொடுங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க" என்றார். "எல்லா வேட்பாளர் பேரையும் சொல்லி ஜெபிக்கிறேன் அக்கா, ஒருத்தர் பேரை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரலை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ உங்களுக்கு வெளிப்பாட்டுல விசுவாசம் இல்லையா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. நான் தீர்க்கதரிசனத்தை அலட்சியம் செய்கிறவள் இல்லை. என் அம்மா காலத்திலிருந்தே ஜெபக்கூட்டங்களில் வளர்ந்தவள். ஒருவேளை நான்தான் தேவனுக்கு எதிராக நிற்கிறேனோ என்ற பயம் பல நாள் என்னை விடவில்லை. வீட்டில் அவரிடம் சொன்னபோது, "ஏன் வம்பு, ஒரு வரி சொல்லிட்டுப் போயேன்" என்று முடித்துக்கொண்டார். போதகரிடம் போக அப்போது தைரியம் வரவில்லை. வேதாகமத்தைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல். கொரிந்து சபைக்கு எழுதும்போதும், தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும் என்கிறார். ஆகவே சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை, சபைக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அதுதான். 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தையும் அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். ராமோத்தின்மேல் யுத்தத்துக்குப் போகலாமா என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கேட்கிறான். ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் போ என்கிறார்கள். கூட இருந்த யூதாவின் ராஜா யோசபாத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை, கர்த்தருடைய தீர்க்கதரிசி வேறே யாரும் இங்கே இல்லையா என்று கேட்கிறான். மிகாயா என்ற அந்தத் தீர்க்கதரிசியை அழைத்துவரப் போன ஆள் வழியிலேயே அவனுக்குப் புத்தி சொல்கிறான்: எல்லாரும் ராஜாவுக்கு நன்மையாகவே சொல்லியிருக்கிறார்கள், நீயும் அப்படியே சொல்லிவிடு. இந்த வசனத்தைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் ஒன்றாகச் சொல்வதால் ஒரு செய்தி கர்த்தருடையதாக ஆகிவிடாது என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் ஒரு வேட்பாளரைப் பற்றிய வெளிப்பாடு என்று ஏதாவது உங்களிடம் வந்தால், அதை யார் நிதானித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்புறம், அது தன்னைச் சோதிக்க இடம் கொடுக்கிறதா, இல்லை கேள்வி கேட்பவரையே பாவியாக்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் அது எங்கிருந்து வந்தாலும் அவசரப்பட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வாரக் கூட்டத்தில் முடிவு ஜெபத்துக்கு வேறொரு சகோதரியை அழைத்தார்கள். சில வாரங்களில் போதகர் கூப்பிட்டனுப்பினார். அன்பாகத்தான் பேசினார், அதை மறைக்கக் கூடாது. "தேர்தல் முடியிற வரைக்கும் ஞாயிறு பள்ளி வகுப்பை வேற யாராவது பார்க்கட்டும்மா, சபையில சமாதானம் முக்கியம்" என்றார். நான் எந்தக் கட்சிக்காகவும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன் என்று சொன்னதற்குத்தான் அந்த ஓய்வு. பிள்ளைகள் வகுப்பில் எனக்காகத் தேடிய சேதி காதுக்கு வந்தபோது ரொம்பவே கஷ்டப்பட்டேன். அதற்குள் தையல் வேலையும் குறைய ஆரம்பித்திருந்தது. ஒரு சகோதரி கல்யாணத்துக்கென்று கொடுத்திருந்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அளவெல்லாம் எடுத்து, என் நோட்டில் தோள், மார்பு, கை நீளம் என்று வரிசையாக எழுதி, துணியின் மேல் சாக்பீஸால் கோடும் போட்டாயிற்று. அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்து, மடித்துக் கொடுத்தேன். காரணம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாத வருமானம் அதிலேயே போயிற்று.

இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழுவில் பதிலுக்குப் பதில் எழுதாதீர்கள், ராத்திரியில் குரல் பதிவு அனுப்பாதீர்கள். சொல்ல வேண்டியதை நேரில் போய், ஒருவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மத்தேயு 18-இல் இயேசு காட்டுகிற வழியும் அதுதானே. நான் அக்கா வீட்டுக்கு ஒருமுறை போய், "உங்க வேட்பாளர் மேல எனக்குக் கோபம் இல்லை அக்கா, அவருக்கே நான் ஓட்டுப் போட்டாலும் போடலாம், ஆனா கர்த்தர் பேரை அவர் பேரோட சேர்த்துக் கட்ட என்னால முடியாது" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் நினைத்தது இதுதான் என்பது என் வாயாலேயே அவருக்குத் தெரிந்தது. பிறகு யார் எதைத் திரித்துச் சொன்னாலும் அது ஒரு பாதுகாப்பாக இருந்தது.

சரி, மறுத்தாயிற்று. ஆனால் ஓட்டை யாருக்குப் போடுவது என்ற கேள்வி அப்படியே இருந்தது. மற்றவர்கள் சொல்கிறார்களே என்ற கோபத்தில் எதிர்ப்பக்கம் சாய்வதும் விசுவாசத்தால் எடுத்த முடிவு ஆகாது. அதனால் ஒரு நோட்டை எடுத்து, யாத்திராகமம் 18:21-ஐ மேலே எழுதினேன். ஜனங்களை நியாயம் விசாரிக்க மோசே எப்படிப்பட்டவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுடைய மாமன் எத்திரோ சொல்லும் இடம். திறமையுள்ளவர்கள், தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள். இந்த நான்கையும் தலைப்பாகப் போட்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். எனக்குப் பிடித்தவருக்கும் அதே கேள்வி, பிடிக்காதவருக்கும் அதே கேள்வி.

திறமையை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். முன்பு பதவியில் இருந்தவர் என்றால் என்ன செய்தார், எந்த மசோதாவுக்கு ஆதரவளித்தார் என்பது பதிவில் இருக்கும். உண்மையைப் பார்க்க, போன தேர்தலில் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ரொம்ப நேரம் நின்றது "தேவனுக்குப் பயந்தவர்" என்ற தலைப்பில்தான். மேடையில் வசனம் சொல்வதும், போதகர்களை அழைத்துத் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்வதும் தேவபயத்துக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. நெகேமியா 5-ஆம் அதிகாரத்தில்தான் விடை கிடைத்தது. அவன் பன்னிரண்டு வருஷம் யூதாவில் அதிபதியாக இருந்தும், அதிபதிக்கு உரிய படியை வாங்கிச் சாப்பிடவில்லை. முன்பு இருந்த அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும், போதாததற்கு நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். நானோ தேவனுக்குப் பயந்ததினால் அப்படிச் செய்யவில்லை என்று எழுதுகிறான். தேவபயம் எதில் தெரிகிறது என்று வேதமே காட்டிவிட்டது: வாங்கியிருக்கக்கூடியதை வாங்காமல் விட்டதில். அதற்குப் பிறகு, இவர் எவ்வளவு பக்தியாகப் பேசுகிறார் என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதிகாரம் கையில் இருந்தபோது எதை எடுத்துக்கொள்ளாமல் விட்டார் என்று தேட ஆரம்பித்தேன். ஒரு வேட்பாளரின் பக்கத்தில் அந்த இடம் நிரம்பியது, இன்னொருவரின் பக்கத்தில் வெறுமையாகவே இருந்தது.

அப்புறம் கொள்கைகள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, அதில் சரியாக இருப்பவருக்குப் போட்டுவிடு என்று ஒரு சகோதரர் சொன்னார். கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றிய கேள்வி எனக்கும் பாரமான கேள்விதான், அதை நான் கடந்து போகவில்லை. ஆனால் வேதத்தைத் திறந்தால் அந்நியன், திக்கற்ற பிள்ளை, விதவை என்று உபாகமம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வாய் பேச முடியாதவனுக்காகவும் திக்கற்றவர்களுடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற என்கிறது நீதிமொழிகள் 31. ஏழைகளின் நியாயத்தைப் புரட்டச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஐயோ என்கிறான் ஏசாயா. இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தபோது, எந்தக் கட்சியும் முழுவதையும் சுமக்கவில்லை. ஒருவர் ஓரிடத்தில் நேராக இருந்தால் இன்னோரிடத்தில் கோணலாக இருக்கிறார். அந்த வேதனை இருந்துதான் தீரும் போலிருக்கிறது. அந்த வேதனையே இல்லாமல் ஒரு கட்சி முழுக்க முழுக்க நம் கட்சியாகத் தெரிந்தால், எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இங்கே எனக்கு உதவிய ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஏழையை ஒடுக்கக் கூடாது என்பது கட்டளை, அதில் பேச்சுக்கு இடமில்லை. ஏழைக்கு இந்த வரி உதவுமா, அந்தத் திட்டம் உதவுமா என்பது நிதானிப்பு, அதில் ஜெபிக்கிற இரண்டு பேர் இரண்டு விதமாக நினைக்கலாம். முதல் வகையை ஒரு பக்கம், இரண்டாம் வகையை இன்னொரு பக்கம் எழுதிப் பாருங்கள். சபையில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கட்டளை மாதிரி பேசியதால்தான் அவ்வளவு கசப்பு. பெர்சிய ராஜா கோரேசைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. தன்னை அறியாத ராஜாவையும் தேவன் பயன்படுத்தினாரே, ஆகவே வேட்பாளரின் குணத்தைப் பார்க்க வேண்டாம் என்பார்கள். ஏசாயா 45 அதைச் சொல்வது உண்மைதான். ஆனால் கோரேசை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. தேவன் யாரையும் பயன்படுத்துவார் என்பது அவருடைய ராஜரீகம். தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம் கையில் இருக்கும்போது எப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்குத்தான் எத்திரோவின் வார்த்தை இருக்கிறது.

நேரம் அதிகம் போனது வதந்திகளைச் சரிபார்ப்பதில். வாரக்கணக்கில் சாயங்கால நேரமெல்லாம் அதிலேயே கரைந்தது. ஒரு வேட்பாளர் விசுவாசிகளை இழிவாகப் பேசியதாக ஒரு சின்ன வீடியோ வந்தது. நான் ஏற்கெனவே அவருக்கு எதிராகச் சாய்ந்திருந்தேன், ஆகவே நம்புவது ரொம்பச் சுலபம். முழுப் பேச்சையும் தேடிக் கேட்டேன். வேறொருவர் சொன்னதை எடுத்துச் சொல்லி, அது தவறு என்று மறுத்துக்கொண்டிருக்கிறார். மறுத்த பகுதியை வெட்டிவிட்டார்கள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையில், நமக்குப் பிடிக்காத வேட்பாளர் மட்டும் பிறன் இல்லை என்று எங்கும் எழுதியில்லை. பேச்சு எந்த நாளில், எந்த இடத்தில் நடந்தது என்று தெரியாத துண்டு வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். முழுப் பேச்சைக் கேட்க நேரம் இல்லையென்றால், அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவாவது நேரம் இருக்கிறது.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. 1774 அக்டோபர் 6-ஆம் தேதி. ஓட்டுரிமை உள்ள தம் சபையாரைச் சந்தித்து மூன்று ஆலோசனை கொடுத்ததாக எழுதியிருக்கிறார். கூலியோ பரிசோ வாங்காமல், அதிகத் தகுதியுள்ளவர் என்று தாங்கள் கருதுகிறவருக்கு ஓட்டுப் போட வேண்டும். எவருக்கு எதிராக ஓட்டுப் போடுகிறார்களோ அவரைப் பற்றித் தீமையாகப் பேசக் கூடாது. எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டவர்கள்மேல் மனம் கசந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஓட்டு ரகசியமாக இருக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் வெளிப்படையாகச் சொல்லித்தான் போட வேண்டும், பக்கத்திலேயே நிலத்துக்காரரோ முதலாளியோ நின்றுகொண்டிருக்கலாம். அங்கே ரகசிய வாக்கெடுப்பு சட்டமானது 1872-இல்தான். அப்படி இருந்த காலத்தில் இந்த மூன்றையும் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! முதல் இரண்டையும் நான் கொஞ்சம் முயற்சி செய்து செய்துவிட்டேன். மூன்றாவதுதான் இன்றுவரை என்னைப் பிழிகிறது.

ரகசிய வாக்கு என்பது நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு பாதுகாப்பு, அதைப் பயன்படுத்துங்கள். "யாருக்குப் போடப் போறீங்க" என்று கேட்டால், "அதைச் சொல்ல மாட்டேன்" என்று சொல்வது பொய்யும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. வேதாகமத்தின் மேல் கைவைத்துச் சொல் என்று யாராவது வற்புறுத்தினாலும் மறுத்துவிடலாம். கையில் எதையாவது கொடுத்தால் வாங்க வேண்டாம். வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்குப் போட்டால் போகிறது என்று விசுவாசிகளே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று யாத்திராகமம் 23 சொல்கிறது. நான் மட்டும் வாங்கியும் குருடாக மாட்டேன் என்று நினைப்பதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு வலி அங்கேதான். அவருடைய கணிப்பு வேறு, என்னுடையது வேறு. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு முறை குரல் உயர்ந்துவிட்டது. இயேசு தெரிந்துகொண்ட பன்னிரண்டு பேரில் ஆட்சியாளர்களுக்காக வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தான், வைராக்கியக்காரன் என்று பொருள்படும் செலோத்தே என்ற பெயர் பெற்ற சீமோனும் இருந்தான் என்பதை அவரே ஒரு நாள் எடுத்துச் சொன்னார். அவர்கள் இருவரும் ஒரே பந்தியில் எப்படி உட்கார்ந்தார்களோ என்று பேசிக்கொண்டே இருந்தோம். அன்றையிலிருந்து தேர்தல் பேச்சைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் எடுப்பது, படுக்கப் போகும் முன் சேர்ந்து ஜெபித்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். கருத்து ஒன்றாகவில்லை, ஜெபம் நிற்கவும் இல்லை.

வாக்களிக்கப் போன நாளில் வாசலில் அக்காவைப் பார்த்தேன். தலையசைத்தார், அவ்வளவுதான். உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். பயம் இருக்கவில்லை. கர்த்தருக்கு முன்பாக நான் கணக்குக் கொடுக்கக்கூடிய முடிவு என்ற நிம்மதி இருந்தது. முடிவு வந்த பிறகு ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள எல்லாருக்காகவும் விண்ணப்பம் பண்ண வேண்டும் என்ற 1 தீமோத்தேயு 2-ஐப் பிடித்துக்கொண்டேன். ஜெயித்தவர் பெயரையும் தோற்றவர் பெயரையும் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தேன். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லிப் பவுல் ரோமருக்கு நிருபம் எழுதிய நாட்களில் ரோமை ஆண்டது கொடுங்கோலன் நீரோ என்பதை நினைத்தால், நமக்குப் பிடிக்காதவர் ஜெயித்தார் என்பதற்காக ஜெபத்தை நிறுத்த ஒரு சாக்கும் மிஞ்சாது.

ஞாயிறு பள்ளி வகுப்பு திரும்பக் கிடைத்தது. தையல் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, பழைய அளவுக்கு இல்லை. சிநேகிதிகளில் ஒருத்தி வீட்டுக்கு வந்து பேசினாள், இன்னொருத்தி இன்னும் வரவில்லை. போதகரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்: அடுத்த தேர்தல் அறிவித்த உடனே, நிற்கிற எல்லாருடைய பெயரையும் ஆராதனையில் வாசித்து ஜெபிக்கலாம், வேட்பாளரைப் பற்றிய எந்த வெளிப்பாடும் மூப்பர்கள் நிதானிக்காமல் குழுக்களுக்குப் போகக் கூடாது. யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் நோட்டில் ஜெயித்தவரின் பக்கத்தை மட்டும் மூடாமல் வைத்திருக்கிறேன். விதவைகளுக்கான உதவித்தொகையைப் பற்றி அவர் கொடுத்த வாக்குறுதி அதில் இருக்கிறது. அது என்னவாயிற்று என்று கேட்டு அவருடைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, மறுபடியும் எழுதப் போகிறேன்.